ஆதி அமெரிக்க வெள்ளி நாணயங்களும் அவற்றின் அருமையும்

உலகத்துப் பண்டங்கள் யாவற்றுள்ளும் தன் விலையைத் தன் முகத்திலேயே பொறித்துக்கொண்டு திரிவது நாணயம் ஒன்றே. நெல்லுக்கும் புடவைக்கும் பிறர் விலை கூறுதல் வேண்டும். நாணயத்திற்கோ அதனை அடித்த அரசே விலை கூறிவிடுகின்றது. அவ்வாறிருந்தும், 1794 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் அக்கசாலையில் ஒரு டொலர் என அடித்து வெளியிடப்பட்ட வெள்ளி நாணயம் ஒன்று, 2013 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நியூயோர்க் நகரத்து ஏலத்தில் 10,016,875 டொலருக்கு விலைபோயிற்று. அந்நாணயத்திற் சட்டப்படி அடங்கியிருக்கவேண்டிய தூய வெள்ளியின் நிறை 371¼ கிறெயின். அஃதாவது முக்கால் அவுன்சுக்குச் சிறிதே அதிகம். வெள்ளிக்குரிய விலையைக் கழித்துவிட்டால் எஞ்சிநிற்கும் அப்பெருந்தொகை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது பொருளியலாருக்கு மாத்திரமன்றி வரலாறு கற்பாருக்கும் உரிய வினாவாகும்.

பழமையே விலைக்குக் காரணம் என்பது பொதுமக்கள் கருத்து. அது பொருந்தாது. உரோமப் பேரரசர் காலத்து வெள்ளித் தெனாரியங்கள் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை; ஆயினும் அவற்றுட் சாதாரணமானவற்றை எளிய வருவாயுடையோரும் இன்று வாங்கலாம். அமெரிக்க நாணயங்களுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. 1807 ஆம் ஆண்டு முதல் 1836 ஆம் ஆண்டுவரை அடிக்கப்பட்ட அரை டொலர்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அக்காலத்தில் ஒரு டொலர் நாணயம் அடிக்கப்படாமையின் வங்கிகள் அரை டொலர்களையே பைகளிற் கட்டித் தம் சேமிப்பாக வைத்திருந்தன. ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பைபையாகவே அவை கைமாறின. சில ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவை அடிக்கப்பட்டன. சந்தையில் உருண்டு தேயாமையால் அவற்றுட் பல அச்சுக் குலையாது நிலைத்தன. ஆனால், அவற்றிற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே முற்பட்ட 1796, 1797 ஆம் ஆண்டுகளின் அரை டொலர்களோ இரண்டாண்டுகளுக்கும் சேர்த்து 3,918 மாத்திரமே வெளிவந்தன. இவற்றுள் மிகவும் தேய்ந்த ஒன்றனைப் பெறுதற்கும் சேகரிப்போர் பெரும்பொருள் செலவிடுதல் வேண்டும். பத்தாண்டு வேறுபாடு பழமையின் வேறுபாடன்று என்பது வெளிப்படை.

அமெரிக்க வெள்ளியின் வரலாறு ஐக்கிய மாகாணங்கள் தோன்றுதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்குகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மசாச்சுசெற்ஸ் குடியேற்ற நாட்டில் நாணயத் தட்டுப்பாடு மிக்கிருந்தது. இங்கிலாந்து தன் நாணயங்களைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவதில் அக்கறை காட்டவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த வணிகத்தால் வந்துசேர்ந்த ஸ்பானிய வெள்ளியோ, சில சமயம் விளிம்பு வெட்டப்பட்டும் சில சமயம் மாற்றுக் குறைந்தும் காணப்பட்டது. ஆகவே 1652 ஆம் ஆண்டு அக்குடியேற்றத்தின் பொதுமன்று பொஸ்ரன் நகரில் ஓர் அக்கசாலையை நிறுவ ஆணையிட்டது. யோன் ஹல் என்னும் பொற்கொல்லர் அதற்குத் தலைவராயினார். றொபேட் சாண்டர்சன் என்பார் அவருக்குத் துணையாயினார்.

முதலில் வெளிவந்த நாணயங்களைப் போல எளிய நாணயம் வேறு காண்டல் அரிது. வட்டமான வெள்ளித் தகட்டின் ஒருபுறத்திற் புதிய இங்கிலாந்து என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள், மறுபுறத்தில் எத்தனை பென்சு என்பதைக் காட்டும் உரோம இலக்கம், அவ்வளவே. ஏனைய பரப்பு முழுதும் வெறுமையாயிருந்தமையின் விளிம்பைச் சிறிது வெட்டி எடுத்துக்கொள்வார்க்கு அது பெருவாய்ப்பாயிற்று. குறையைக் கண்ட மன்று சில மாதங்களுள், அதே ஆண்டு ஒக்ரோபரில், இருபுறமும் விளிம்போரமாக எழுத்து வளையமும் நடுவே மரமும் பொறிக்குமாறு விதித்தது. இவ்விதியின் பயனாகப் பிறந்தவையே அலரி, ஓக், பைன் ஆகிய மரங்களின் பெயரால் இன்று வழங்கும் நாணயங்கள். சில மாதங்களே வாழ்ந்த முதல் வகை நாணயங்கள் அருகிவிட்டன. அவற்றுள் மூன்று பென்சு நாணயமாக இன்று அறியப்பட்டவை இரண்டே. ஒன்று மசாச்சுசெற்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளது; ஒல்லாந்து நாட்டிற் பழைய பேழையொன்றினுட் கிடந்து வெளிப்பட்ட மற்றையது, 2024 ஆம் ஆண்டு நவம்பரில் 25 இலட்சம் டொலருக்கு மேல் விலைபெற்றது. குறையுடையதெனக் கைவிடப்பட்டமையே அதன் அருமைக்குக் காரணமாயிற்று.

மர நாணயங்களிலும் ஒரு புதுமை உண்டு. முப்பது ஆண்டளவு அடிக்கப்பட்டும், 1662 ஆம் ஆண்டைத் தாங்கிய இரு பென்சு நாணயம் நீங்கலாக, அவை யாவும் 1652 என்னும் ஒரே ஆண்டையே காட்டுகின்றன. முடியரசு இல்லாத காலத்து அடித்தவை எனப் பின்னர் மன்னனுக்குக் காட்டித் தப்புதற்காகவே இச்சூழ்ச்சி செய்யப்பட்டது என்பது நெடுநாள் வழங்கிய விளக்கம். நாணயம் அடித்தல் மன்னர்க்கே உரிய உரிமை. 1649 ஆம் ஆண்டு சாள்ஸ் மன்னன் கொல்லப்பட்டபின் இங்கிலாந்தில் மன்னர் இலர் என்பது உண்மையே. எனினும், ஆண்டு என்பது அக்கசாலைக்கு அனுமதி தந்த சட்டத்தின் ஆண்டையே குறித்தது என்பாரின் கூற்று எளியதும் ஏற்புடையதுமாகும். கதை சுவையாயிருத்தல் அது மெய்யாதற்குச் சான்றாகாது. இதே யோன் ஹல் தம் மகளைத் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டிற் பைன்மரச் சில்லிங்குகளைக் குவித்துச் சீதனம் கொடுத்தார் என்று ஹோதோண் என்னும் நாவலாசிரியர் சிறுவர்க்கு எழுதிய கதையும் உண்டு. மகளின் சீதனம் 500 பவுண் என்பது அறியப்பட்டது. சில்லிங்கின் நிறை 72 கிறெயின். பத்தாயிரம் சில்லிங்கும் ஏறத்தாழ 103 இறாத்தல் ஆகும். ஒரு மெல்லிய பெண்ணின் நிறைக்கு அது பொருந்துவதைக் கண்டால், கதை கட்டியவர் கணக்கறியாதவர் என்றும் சொல்வதற்கில்லை.

இங்கிலாந்தின் சில்லிங்கைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்குக்கு மேல் நிறை குறைத்தே மசாச்சுசெற்ஸ் சில்லிங்கு அடிக்கப்பட்டது. நிறை குறைந்த நாணயத்தை வணிகர் கடல் கடந்து கொண்டுபோகார் என்பது மன்றினர் எண்ணம். வெள்ளி நாணயம் நாட்டைவிட்டு ஓடுதலும் அதனைத் தடுத்தலும் என்னும் இப்போராட்டமே பின்வந்த ஐக்கிய மாகாணங்களின் நாணய வரலாற்றையும் நிருணயித்தது. எந்த நாணயம் இன்று அரியது, எது மலிந்தது என்பதும் பெரும்பாலும் இப்போராட்டத்தின் விளைவேயாம்.

விடுதலைப் போருக்குப் பின்னர் மாகாணங்களில் வழங்கிய முதன்மையான வெள்ளி, மெக்சிக்கோ, பெரு ஆகிய நாடுகளின் சுரங்கங்களிலிருந்து வந்த எட்டு இறயால் பெறுமதியுள்ள ஸ்பானிய டொலரேயாகும். டொலர் என்னும் பெயர் பொகீமியா நாட்டு யோக்கிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் அடிக்கப்பட்ட தாலர் என்னும் நாணயத்தினின்றும் வந்தது. ஒல்லாந்தர் வாயில் அது டால்டர் ஆயிற்று. அவர் ஆட்சியில் இலங்கைத் தமிழர் தம் உறுதிகளில் எழுதிய இறைசாலும் அதே கொடியிற் காய்த்த காயே. 1792 ஆம் ஆண்டு ஏப்பிரல் 2 ஆம் நாள் நிறைவேறிய நாணயச் சட்டம் புதிய டொலரை இந்த ஸ்பானிய நாணயத்தின் பெறுமதிக்கு இணையாக வகுத்தது. அக்கசாலை அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் அமைந்தது. நாணயத்தின் முகப்பில் எவ்வுருவம் இடுவது என்பதிற் செனற் சபைக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் இடையே வழக்கு எழுந்தது. சனாதிபதியின் தலையைப் பொறிக்கவேண்டும் என்றது முன்னையது. அது முடியரசின் வழக்கம் எனப் பின்னையது மறுத்தது. முடிவில் விடுதலையைக் குறிக்கும் பெண்ணுருவமே ஏற்கப்பட்டது. ஆதி நாணயங்களில் வாஷிங்ரனின் முகத்தைத் தேடுவோர் காண்பது கூந்தல் பறக்கும் ஒரு மங்கையை.

அக்கசாலைக் கட்டடம் ஆயத்தமாகும் முன்னரே ஒரு சிறு நாணயம் பிறந்துவிட்டது. ஐந்து சதப் பெறுமதியுள்ள அரை டிசும் என்னும் அந்நாணயம், யோன் ஹாப்பர் என்னும் வாட்கம்மியரின் நிலவறையில் 1792 ஆம் ஆண்டு யூலை மாதம் அடிக்கப்பட்டது. வாஷிங்ரன் தம் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொடுத்தார் என்ற கதை நூறாண்டுக்கு மேலாகக் கூறப்படுகின்றது. ஆனால் தோமஸ் ஜெபர்சனின் கணக்குப் புத்தகம் வேறொன்றைக் கூறுகின்றது. யூலை 11 ஆம் நாள் அவர் அக்கசாலையிற் கொடுத்தது 75 டொலர். 13 ஆம் நாள் பெற்றது 1,500 அரை டிசும். ஒரு டொலருக்கு இருபதாக 75 டொலருக்கு 1,500 என்பது சிறுவர் கணக்கு. பாத்திரக் கதைக்கு அக்கணக்கில் இடமில்லை. அவ்வாண்டு நவம்பரிற் காங்கிரசின்முன் நிகழ்த்திய உரையில் வாஷிங்ரன் இச்சிறு தொடக்கத்தைக் குறிப்பிட்டார். இன்று எஞ்சியுள்ளவை சில நூறு. அவற்றுட் பல நன்றாகத் தேய்ந்திருத்தல் நோக்கற்பாலது. அவை காட்சிக்கு அடித்த மாதிரிகளல்ல, மக்கள் கையிற் புழங்கிய காசுகளே என்பதற்குத் தேய்வே சான்று பகர்கின்றது. தேய்வு விலையைக் குறைக்கும். வரலாற்றாசிரியனுக்கோ தேய்வும் ஓர் ஏடு.

அடுத்த இரண்டாண்டுகளுக்கு வெள்ளி அடிக்கப்படவில்லை. சட்டம் மாற்றுக் காண்போரிடமும் தலைமைக் கம்மியரிடமும் தலைக்குப் பதினாயிரம் டொலர் பிணை கேட்டது. அல்பியன் கொக்ஸ், ஹென்றி வொய்ற் என்னும் அவ்விருவராலும் அத்தொகையைக் காட்டல் இயலவில்லை. ஆதலின் 1793 ஆம் ஆண்டு செப்புக் காசுகளே வெளிவந்தன. 1794 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காங்கிரஸ் பிணைத் தொகையை ஒருவர்க்கு ஆயிரமும் மற்றவர்க்கு ஐயாயிரமுமாகக் குறைத்த பின்னரே வெள்ளி வேலை தொடங்கிற்று. அக்கசாலையின் முதல் அதிபர், வானியல் வல்லுநரான டேவிட் றிற்றன்ஹவுஸ், தாமே வெள்ளியைக் கொண்டுவந்து ஒப்புவித்தார். ஒக்ரோபர் 15 ஆம் நாள் 1,758 டொலர்கள் ஒப்படைக்கப்பட்டன. அடித்தவை ஏறத்தாழ 2,000 என்பர். எஞ்சியவை குறைபாடுடையன எனத் தள்ளப்பட்டன.

குறைபாட்டுக்குக் காரணம் பொறியே. அங்கிருந்த திருகு அழுத்தி சிறிய நாணயங்களுக்கென அமைந்தது. ஆட்களின் தோள்வலியால் இயங்குவது. டொலரின் அகன்ற பரப்பில் இருபுறமும் ஒருசேரப் பதியத்தக்க அழுத்தம் அதற்கில்லை. அச்சுக்கள் இரண்டும் சரியாக ஒத்து நில்லாமையால் இடப்பக்கத்து உடுக்களும் ஆண்டிலக்கமும் மங்கியே விழுந்தன. ஒரே சோடி அச்சினாலேயே அனைத்தும் அடிக்கப்பட்டமையின் அக்குறை எல்லாவற்றிலும் காணப்படும். பெரிய அழுத்தி வந்து 1795 ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலை மீளத் தொடங்கும்வரை வேறு டொலர் இல்லை. இவ்வாறு 1794 ஆம் ஆண்டு டொலர்கள் அனைத்தும் ஒரே நாளின், ஒரே அச்சின், ஒரே பொறியின் பிள்ளைகள். இன்று அறியப்பட்டவை நூற்று முப்பது, நூற்று நாற்பது அளவிலேயே உள்ளன.

சேகரிப்போர் இந்நாணயத்தின் முகத்திற் காணும் கீறல்களும் பொருளுடையன. வெற்றுவில்லையின் நிறை மிகுந்தால் அரத்தால் அராவிக் குறைப்பர். அவ்வராவல் அடித்த பின்னரும் மறையாது. நிறை குறைந்தால் நடுவே துளையிட்டுச் சிறு வெள்ளித் துண்டைச் செருகி அடிப்பர். 2013 ஆம் ஆண்டு விலைபோன நாணயத்தில் அராவலும் உண்டு, செருகலும் உண்டு. அதுவே முதன்முதல் அடிக்கப்பட்ட டொலராதல் கூடும் என ஏலத்திற் பேசப்பட்டது. முதலாவது என்னும் சொல்லுக்கு எழுதிய ஆவணம் எதுவும் இல்லை; அச்சின் புதுமையும் பரப்பின் பளபளப்பும் கொண்டு செய்யப்பட்ட ஊகமே அது. ஊகத்துக்கும் விலையுண்டு என்பதை வாங்கியவர் மெய்ப்பித்தார்.

பிறப்பிலே குறைந்த தொகையினவாதல் ஒன்று. பிறந்தபின் அழிந்துபோதல் மற்றொன்று. முதற் பத்தாண்டுகளின் டொலர்களுட் பெரும்பகுதி இவ்விரண்டாம் வழியாலேயே அருகியது. ஸ்பானிய டொலரில் வெள்ளி சற்று மிகுதி. மேற்கிந்தியத் தீவுகளிலோ அமெரிக்க டொலர் அதற்கு இணையாகவே ஏற்கப்பட்டது. இதனை அறிந்த வணிகர் புத்தம்புதிய அமெரிக்க டொலர்களை அங்கே கொண்டுசென்று ஸ்பானிய டொலர்களாக மாற்றினர். அவற்றை மீண்டும் பிலடெல்பியாவுக்குக் கொணர்ந்து அக்கசாலையிற் கொடுத்து, கூலியின்றி அமெரிக்க டொலராக அடிப்பித்து, எஞ்சிய வெள்ளியை ஊதியமாகக் கொண்டனர். அக்கசாலை ஓயாது உழைத்தது. நாட்டினுள்ளே டொலரைக் காணோம். சீன வணிகத்துக்கும் பெருந்தொகை சென்றது. கண்டம் கடந்தவை அங்கங்கே உருக்கப்பட்டன. 1804 ஆம் ஆண்டுக்குப் பின் டொலர் அடிப்பது நின்றது. 1806 ஆம் ஆண்டில் அத்தடை அரசின் ஆணையாகவே வந்தது. பின்னர் கலிபோர்ணியாவிற் பொன் பெருக்கெடுத்தபோது பொன்னின் விலை வீழ, வெள்ளிக் காசின் உலோகம் அதன் முகப்பு விலையிலும் மிகுந்தது. மீண்டும் உருக்குலைகள் வயிறு நிறைந்தன. 1853 ஆம் ஆண்டு அரை டொலரின் நிறையை 206¼ கிறெயினிலிருந்து 192 கிறெயினாகக் குறைத்த பின்னரே அவ்வழிவு தணிந்தது. எத்தனை அடிக்கப்பட்டன என்று அக்கசாலை ஏடு கூறும் தொகையை மாத்திரம் கொண்டு அருமையை அளக்கலாகாது என்பதற்கு இவ்வரலாறே காரணம்.

இனி, பொருள் அரிதாயிருத்தல் மட்டும் விலையைத் தந்துவிடாது. வேண்டுவோரும் இருத்தல் வேண்டும். ஒரே ஒரு படி எஞ்சிய பழைய இறைவரிப் பற்றுச்சீட்டு உலகில் அரியதே. அதனைக் கேட்பார் யார்? அமெரிக்காவில் நாணயம் வேண்டுவோர் கூட்டம் திரண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயாம். 1857 ஆம் ஆண்டு பெரிய செப்புச் சதம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஸ்பானிய வெள்ளியும் சட்டப்படி செல்லுபடியாதல் நீங்கிற்று. நேற்றுவரை சட்டைப்பையிற் கிடந்த காசு மறையப்போகின்றது என்றவுடன் மக்கள் அதனைப் பேழையில் வைக்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டே நியூயோர்க்கில் அமெரிக்க நாணயவியற் சங்கம் தோன்றியது. விலைப்பட்டியல்களும் ஏலப்பட்டியல்களும் பெருகின. 1946 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் யோமனின் கைநூல், எந்த ஆண்டு நாணயத்துக்கு எந்த நிலையில் என்ன விலை என்பதைச் சிறுவர்க்கும் அறிவித்தது.

இவ்விடத்திற் சேகரிப்போர் மனத்தின் இயல்பொன்று கவனித்தற்குரியது. அவர் பெரும்பாலும் தனி நாணயத்தை விரும்புவதில்லை, வரிசையை விரும்புகின்றார். ஒவ்வோர் ஆண்டுக்கு ஒன்று, அல்லது ஒவ்வோர் உருவகைக்கு ஒன்று எனப் பேழையில் அறை வகுத்துவிட்டால், வெற்றறை கண்ணை உறுத்தும். 1796 ஆம் ஆண்டின் கால் டொலர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆறாயிரத்துச் சொச்சமே அடிக்கப்பட்ட அந்நாணயம் சிறிய கழுகு பொறித்த ஒரே கால் டொலர். அடுத்த கால் டொலர் 1804 ஆம் ஆண்டு வந்தபோது கழுகின் உருவம் மாறிவிட்டது. ஆகவே உருவகை சேர்ப்போர் அனைவரும் அந்த ஓராண்டு நாணயத்தின் வாயிலிலேயே வந்து நிற்கின்றனர். அதனிலும் தொகை குறைந்த வேறு நாணயம் சில, வகையில் தனித்து நில்லாமையால், அத்துணை விலை பெறுவதில்லை.

வரிசையை மேலும் நுணுக்கியவர்கள் அச்சு வேறுபாடு காண்போர். அக்காலத்து அச்சுக்களில் உடுவையும் எழுத்தையும் இலக்கத்தையும் தனித்தனியே கையாற் பதித்தனர். எனவே ஓர் அச்சு மற்றோர் அச்சை முற்றும் ஒவ்வாது. 1796 ஆம் ஆண்டு அரை டொலரிற் பதினைந்து உடுக்கள் உள்ளனவும் உண்டு, பதினாறு உள்ளனவும் உண்டு. அவ்வாண்டு தெனசி பதினாறாவது மாகாணமாகச் சேர்ந்ததே அதற்குக் காரணம். மாகாணந்தோறும் ஓர் உடு சேர்த்தால் இடம் போதாது என்று கண்டு, பின்னர் முதற் பதின்மூன்றுக்கே திரும்பினர். ஓர் அரசியல் வரலாறு விரல்நுனி அகலத்துக்குள் அடங்கியிருத்தலை இதிற் காணலாம். அச்செஃகு விலையுயர்ந்தது, ஆண்டு மாறினும் வெடிக்கும்வரை பழைய அச்சையே வைத்து அடிப்பர். சிலபோது பழைய இலக்கத்தின்மேல் புதிய இலக்கத்தைக் குத்துவர். நாணயத்தின் ஆண்டும் அது அடிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி அன்று இல்லை. கீழே கூறப்போகும் பெருங்குழப்பத்திற்கு வித்து இதுவே.

அதற்கு முன் நாணயத்தின் நிலை பற்றிச் சிறிது கூறுதல் தகும். வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியலாளர் 1949 ஆம் ஆண்டு பழைய செப்புச் சதங்களுக்கென ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எழுபது பெற்றது ஒன்று பெற்றதைப்போல் எழுபது மடங்கு விலையுடையது என்பது அவர் கணக்கு. விலை விகிதம் விரைவிற் பொய்த்துப்போயிற்று. இலக்கங்கள் மாத்திரம் நிலைத்து எல்லா நாணயங்களுக்கும் பரவின. 1986 ஆம் ஆண்டிலிருந்து மதிப்பீட்டு நிறுவனங்கள் நாணயத்தைத் தேர்ந்து, இலக்கமிட்டு, ஒளிபுகும் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. ஓரிலக்க வேறுபாடு பல்லாயிரம் டொலர் வேறுபாடாவதும் உண்டு. புளியிட்டுத் துலக்கினாற்போல் மினுக்கப்பட்ட வெள்ளியைத் தேர்ந்த சேகரிப்போர் ஒதுக்குவர். இருநூறாண்டு காற்றுப்பட்டு நீலமும் ஊதாவுமாகக் கறுத்த மேற்படலத்தையே போற்றுவர். இது வெறும் விருப்பன்று. துலக்குதல் உலோகத்தின் மேற்பரப்பையும் உடன் கொண்டுபோகும். ஒருமுறை போனது மீளாது. அராவலும் அச்சின் வெடிப்பும் சொல்லும் செய்தியும் அதனுடன் போய்விடும். இவ்வொன்றிற் சந்தையின் ஆசையும் வரலாற்றின் தேவையும் ஒத்துச் செல்கின்றன.

ஒவ்வாத இடம் 1804 ஆம் ஆண்டு டொலர். அக்கசாலை ஏட்டின்படி அவ்வாண்டு 19,570 டொலர்கள் அடிக்கப்பட்டன. ஆயினும் 1804 எனப் பொறித்த டொலர் அக்காலத்தில் எவர் கையிலும் இருந்ததாகத் தெரியவில்லை. 1842 ஆம் ஆண்டு அக்கசாலை அலுவலர் இருவர் வெளியிட்ட நாணய நூலில் அதன் படம் முதன்முதல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு மத்தேயு ஸ்டிக்னி என்னும் சேகரிப்பாளர் தம் அரிய பொன் நாணயம் ஒன்றைக் கொடுத்து அக்கசாலையிலிருந்தே ஒன்றைப் பெற்றார். அன்று தொட்டு அது அமெரிக்க நாணயங்களின் அரசன் எனப் புகழப்பட்டது. ஏனையவை கடலில் மூழ்கின என்றும் கள்வர் கொண்டனர் என்றும் காரணங்கள் கற்பிக்கப்பட்டன.

உண்மை வேறு. 1832 ஆம் ஆண்டு எட்மண்ட் றொபேட்ஸ் என்னும் வணிகர் அமெரிக்கத் தூதராகக் கீழைநாடுகளுக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு சீயத்துடனும் மஸ்கற் சுல்தானுடனும் உடன்படிக்கை செய்து மீண்டார். உறுதிப்படுத்திய உடன்படிக்கையுடன் பரிசிலும் கொண்டுசெல்லல் வேண்டும் என்று கருதி, 1834 ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கம் வழக்கிலுள்ள நாணயங்கள் யாவும் அடங்கிய தொகுதிகளை அமைத்துத் தருமாறு அக்கசாலையைக் கேட்டது. டொலரோ முப்பதாண்டாக அடிக்கப்படவில்லை. ஏட்டைப் பார்த்த அலுவலர், இறுதியாக டொலர் அடித்த ஆண்டு 1804 எனக் கண்டு, அவ்வாண்டையே அச்சிற் பொறித்தனர். உண்மையில் 1804 ஆம் ஆண்டு அடித்த டொலர்கள் பழைய அச்சுக்களால் அடிக்கப்பட்டு 1803 அல்லது அதற்கும் முற்பட்ட ஆண்டைத் தாங்கியவை என்பது அவர்க்குத் தோன்றவில்லை. றொபேட்ஸ் 1835 ஆம் ஆண்டு மஸ்கற்றிலும் 1836 ஆம் ஆண்டு சீயத்திலும் தொகுதிகளைக் கையளித்து, அவ்வாண்டு யூன் மாதம் மக்காவோவில் நோயால் இறந்தார். ஏனைய அரசர்க்கெனக் கொண்டுசென்றவை கொடுபடாது திரும்பின. இவ்வகையில் எட்டு நாணயங்கள் அறியப்பட்டுள.

இதனோடு நின்றிருந்தால் அறியாமையால் வந்த தவறு என்று விட்டுவிடலாம். சேகரிப்போர் காட்டிய ஆவலைக் கண்ட அக்கசாலை ஊழியர் சிலர் 1858 ஆம் ஆண்டளவில் இரகசியமாக மீண்டும் அடித்து விற்றனர். அவற்றின் விளிம்பில் எழுத்தில்லை. அதனாற் குட்டு வெளிப்பட்டது. விற்றவை மீட்கப்பட்டு அழிக்கப்பட்டன. சுவிற்சலாந்து நாட்டு 1857 ஆம் ஆண்டு நாணயமொன்றின்மேல் அடித்தது மட்டும் எஞ்சி இன்று சிமித்சோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. பின்னர் எழுத்துப் பொறித்த விளிம்புடன் மூன்றாம் முறை அடித்தவையும் வெளிவந்தன. மூவகையும் சேர்த்துப் பதினைந்து என நெடுங்காலம் எண்ணப்பட்டது. அரசின் காசைக் காக்க அமர்த்தப்பட்டவரே கள்ளக்காசு அடித்தவராயினர் எனக் கூறின் அது மிகையன்று.

1962 ஆம் ஆண்டு எரிக் நியூமன், கென்னத் பிறெசற் என்னும் ஆய்வாளர் இருவர் இவ்வரலாற்றை நூலாக வெளியிட்டனர். அவர்தம் சான்றுகளுள் வலியது நாணயத்தின் விளிம்பே. 1804 ஆம் ஆண்டளவில் விளிம்பெழுத்தைப் பொறித்தபின் வில்லையைத் திறந்த நிலையில் அடிப்பர், எழுத்துத் தெளிவாயிருக்கும். எஃகு வளையத்துள் இறுக்கி அடிக்கும் முறை பல்லாண்டு பின்னரே அங்கு வந்தது. பரிசில் டொலர்களின் விளிம்பெழுத்தோ வளையத்தில் நசுங்கித் தட்டையாயிருந்தது. அதே ஆண்டில், சீய மன்னருக்குக் கொடுத்த தொகுதி மஞ்சள் நிறத் தோற்பெட்டியுடன் இலண்டன் நகரில் வெளிப்பட்டு, ஆய்வாளர் கூற்றை உறுதிசெய்தது.

பொய் வெளிப்பட்டபின் விலை வீழ்ந்திருத்தல் வேண்டும் என்பர் எதிர்பார்ப்போர். வீழவில்லை. 1885 ஆம் ஆண்டு ஏலத்தில் ஆயிரம் டொலர் பெற்ற ஒரு நாணயத்தின் கழுகுப்புறத்து முகிலில் டெக்ஸ்ரர் என்னும் உடைமையாளர் தம் பெயரின் முதலெழுத்தைக் குத்திவைத்தார். வேறெந்த நாணயத்தையும் கெடுத்துவிடும் அக்குறி, இதற்கு அடையாளப் பெயராகவே அமைந்துவிட்டது. மஸ்கற் தொகுதியினதாகக் கூறப்படும் நாணயம் 1999 ஆம் ஆண்டு 4,140,000 டொலருக்கும், 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டில் 7,680,000 டொலருக்கும் விற்பனையாயிற்று. சேகரிப்போர் இப்போது வாங்குவது ஆண்டையன்று. தூதரையும் சுல்தானையும் ஊழியரின் களவையும் ஆய்வாளரின் துப்பையும் சேர்த்தே வாங்குகின்றனர் எனலாம். 1804 ஆம் ஆண்டில் மெய்யாகவே அடிக்கப்பட்டு 1803 எனப் பொறிக்கப்பெற்ற டொலர்களுள் எஞ்சியவையோ, ஓரளவு தேய்ந்த நிலையிற் சில ஆயிரம் டொலருக்கு இன்றும் கிடைக்கின்றன.